நீண்ட பயணத்துக்கு முன் டூரிங் பைக்கில் எதை மாட்டுவது, எதைக் கவனிப்பது?

கேட்டவர் சொன்னதைச் சுருக்கினால் இவ்வளவுதான். டூரிங் பைக் வாங்கி ஆறேழு மாதம் ஆகிறது, 6,000 கி.மீ. ஓடியிருக்கிறது. அடுத்து மனைவியோடு 3,000 கி.மீ. பயணம் போகப் போகிறார். மூன்று அலுமினியப் பெட்டி, கூடுதல் விளக்கு, வண்டி சரிந்தால் காக்கும் கிராஷ் கார்டு, உயரமான விண்ட்ஸ்கிரீன், போன் சார்ஜர், கைப்பிடியைச் சூடாக்கும் ஹீட்டட் கிரிப் என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறார். "இதில் எதை முதலில் வாங்குவது? பராமரிப்பை சர்வீஸ் சென்டரிடமே விட்டுவிடலாமா?" என்பது கேள்வி. மேலோட்டமாகப் பார்த்தால் இது கடையில் என்ன வாங்குவது என்ற கேள்வி. ஆனால் அவர் உண்மையில் கேட்பது, வண்டி நடுவழியில் நிற்காமல் இருவரும் சுகமாகப் போய்த் திரும்ப எதில் பணமும் நேரமும் போட வேண்டும் என்பதை. அதற்கே பதில் எழுதுகிறேன். மாடலைச் சொல்லவில்லை. அதனால் நான் தரும் எண்கள் இந்த வகை வண்டிகளுக்குப் பொதுவானவை. உங்கள் மேனுவல் வேறு எண் சொன்னால் அதுதான் சரி.

பல வருடமாக இந்த வகை வண்டிகளைப் பிரித்து மாட்டுவதுதான் எனக்குத் தொழில். பயணத்தின் நடுவே படுத்துவிட்டு வரும் வண்டிகளில் எஞ்சினுக்குள் கோளாறு என்பது அபூர்வம். பெரும்பாலும் இரண்டில் ஒன்றுதான்: பிறகு வாங்கி மாட்டிய ஏதோ ஒரு பொருள், அல்லது யாரும் குனிந்து பார்க்காத செயின், டயர், பேட்டரி முனை. அதனால் பட்டியலைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். நீங்கள் மாட்டும் ஒவ்வொன்றும் வண்டியின் இரண்டு கையிருப்புகளில் ஏதாவது ஒன்றைத் தின்னும். ஒன்று எடை, இன்னொன்று மின்சாரம். இரண்டும் எவ்வளவு மிச்சம் என்று தெரியாமல் கடைக்குப் போகாதீர்கள்.

எடையை முதலில் பார்ப்போம். மேனுவலில் வண்டியின் அதிகபட்ச மொத்த எடை என்று ஒரு எண் இருக்கும். அதிலிருந்து பெட்ரோல் நிரப்பிய வண்டியின் எடையைக் கழித்தால் வருவதுதான் நீங்கள் ஏற்றக்கூடியது. உதாரணமாக மொத்த அனுமதி 410 கிலோ, வண்டி 225 கிலோ என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 185. ஓட்டுபவர் 80, பின்னால் உட்காருபவர் 62. இருவரின் ஹெல்மெட், ஜாக்கெட், பூட்ஸ் எல்லாம் சேர்ந்து 14. இப்போதே 156 ஆகிவிட்டது, மீதி 29. மூன்று அலுமினியப் பெட்டியும் அவற்றைத் தாங்கும் சட்டங்களும் சேர்ந்தால் 20 கிலோவைச் சாதாரணமாகத் தொடும். கிராஷ் கார்டு 5 கிலோ. கடைசியில் அந்தப் பெட்டிகளுக்குள் வைக்க உங்களுக்கு மிஞ்சுவது 4 கிலோ! இந்தக் கணக்கைப் போடாமல்தான் பெரும்பாலானோர் பெட்டி வாங்குகிறார்கள், வாங்கியபின் அதை நிரப்பவும் செய்கிறார்கள்.

அனுமதியைத் தாண்டினால் வண்டி உடனே ஒன்றும் செய்யாது, அதுதான் ஆபத்து. பின் டயர் அளவுக்கு மீறிச் சூடாகும், பிரேக் பிடித்தால் நிற்கும் தூரம் கூடும், ஷாக் அப்சார்பர் சின்னப் பள்ளத்துக்கே அடிவரை போய் இடிக்கும். கொஞ்ச நாள் கழித்து டாப் பாக்ஸ் (மூன்றில் சீட்டுக்குப் பின்னால் மேலே இருக்கும் பெட்டி) தட்டு உட்காரும் இடத்தில் பின் சட்டத்தில் மயிரிழை விரிசல் விடும். இரண்டு பேர் போகும் பயணம் என்றால் என் பரிந்துரை பக்கவாட்டில் தொங்கும் துணிப் பைகள்தான். ஒரு ஜோடி சில கிலோவில் முடிந்துவிடும். பூட்டு இல்லை, மழைக்கு உள்உறை வேண்டும் என்ற குறைகள் உண்டு. ஆனால் மேலே சொன்ன கணக்கில் பத்துக் கிலோவுக்கு மேல் திரும்பக் கிடைக்கிறதே.

டாப் பாக்ஸைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அது பின் அச்சுக்கும் பின்னால், உயரத்தில் உட்காருகிறது. அங்கே வைக்கும் ஒவ்வொரு கிலோவும் முன் சக்கரத்தின் பிடிப்பைக் கொஞ்சம் குறைக்கும். வேகமாகப் போகும்போது ஹேண்டில்பார் லேசாக நீந்துவது போல ஆடினால் முதல் சந்தேகம் அந்தப் பெட்டி மேல்தான். பெட்டி 45 லிட்டர் கொள்ளும் என்பதால் அதை நிரப்பலாம் என்று அர்த்தமில்லை. தட்டின் எடை வரம்பு பல வண்டிகளில் ஒற்றை இலக்கக் கிலோ. தூங்கும் பை, மழைக்கோட்டு மாதிரி லேசானவற்றை அதில் போடுங்கள். கருவிகள், தண்ணீர், பூட்டு போன்ற கனமானவை பக்கப் பைகளின் அடியில், முடிந்தவரை முன்பக்கமாக. இரு பக்க எடையும் ஏறக்குறைய சமமாக இருக்கட்டும்.

சுமை ஏற்றியபின் மூன்று விஷயங்களை மாற்றியாக வேண்டும். பின் டயர் காற்று: தனியாக ஓட்ட 36 பி.எஸ்.ஐ. சொல்லும் வண்டிகள் பலவற்றில் ஆள், சுமையோடு 42 என்று போட்டிருக்கும். வண்டி ஓடாமல் டயர் குளிர்ந்திருக்கும்போது அளக்க வேண்டும். ஓடிச் சூடான டயரில் எண் கூடத்தான் காட்டும், அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிடாதீர்கள். அடுத்தது பின் சஸ்பென்ஷனின் பிரீலோடு, அதாவது ஸ்பிரிங்கை முன்கூட்டியே எவ்வளவு இறுக்கி வைத்திருக்கிறோம் என்பது. அது தளர்வாக இருந்தால் வால் அமுங்கி, வளைவில் வண்டி உள்ளே சாய மறுத்து வெளியே ஓடப் பார்க்கும். ஆட்களும் சுமையும் ஏறியதும் பின்பக்கம் அமுங்கும் அளவு, சஸ்பென்ஷனின் மொத்த அசைவில் சுமார் மூன்றில் ஒரு பங்குக்குள் இருந்தால் நல்லது. மூன்றாவது ஹெட்லைட். வால் அமுங்கினால் வெளிச்சம் எதிரே வருபவர் கண்ணில் விழும், உங்களுக்குச் சாலை தெரியாது. விளக்குக்குப் பின்னால் ஒரு திருகு இருக்கும், அதைத் திருப்பி வெளிச்சத்தை இறக்குங்கள். கூடுதல் விளக்கு வேண்டும் என்று வருபவர்களில் சிலருக்கு அந்தத் திருகைத் திருப்பினாலே போதுமாக இருந்திருக்கிறது.

சரி, மின்சாரம். வண்டியில் மின்சாரம் தயாரிக்கும் ஆல்டர்னேட்டர் 400 வாட் என்று விளம்பரத்தில் இருந்தால் அது சுமார் 5,000 ஆர்.பி.எம்.மில் தரும் அளவு. ஐடிலில் அதில் பாதிகூட வராமல் இருக்கலாம். அதிலும் பெட்ரோல் பம்ப், இக்னிஷன், ஹெட்லைட், கூலிங் ஃபேன், ஏ.பி.எஸ். எல்லாம் போகத்தான் உங்களுக்கு மிச்சம். ஹீட்டட் கிரிப் 30 முதல் 40 வாட், ஒரு ஜோடி எல்.இ.டி. விளக்கு 20 முதல் 40 வாட், போன் சார்ஜர் 15 வாட். இந்த அளவை இப்போதைய டூரிங் வண்டிகளில் பெரும்பாலானவை தாங்கும். சூடேற்றும் ஜாக்கெட்டை இருவரும் போட்டுக்கொண்டால்தான் கணக்கு உதைக்க ஆரம்பிக்கும்.

சந்தேகமிருந்தால் ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும். இரவு முழுவதும் நின்ற வண்டியில், சாவி போடாமல் பேட்டரி முனைகளில் அளந்தால் 12.6 முதல் 12.8 வோல்ட் காட்ட வேண்டும். ஸ்டார்ட் செய்து கொஞ்சம் முறுக்கினால் 13.8க்கும் 14.5க்கும் நடுவில் நிற்க வேண்டும். பிறகு மாட்டிய எல்லாவற்றையும் போட்டுவிட்டு, நீங்கள் வழக்கமாக ஓட்டும் ஆர்.பி.எம்.மில் மறுபடி பாருங்கள். 13 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் பேட்டரி சார்ஜ் ஆகவில்லை, அதிலிருந்து எடுத்துத்தான் எல்லாம் எரிகிறது என்று புரிந்துகொள்ளலாம். பேட்டரி ஈய அமில வகை என்றால் இந்த எண்கள். லித்தியம் என்றால் ஓய்வில் 13 வோல்ட்டுக்கு மேலேயே காட்டும்.

ஆனால் மின்சாரம் பற்றாமல் நின்ற வண்டிகளைவிட வயரிங் மோசமாகி நின்ற வண்டிகள்தான் அதிகம். சீட்டைத் தூக்கினால் பேட்டரியின் பாசிட்டிவ் முனையில் ஐந்தாறு வளைய டெர்மினல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும். போல்ட் இரண்டே மரைதான் உள்ளே போயிருக்கும். ஒவ்வொரு வயரும் வேறு நிறம், வேறு தடிமன், பாதிக்கு ஃபியூஸே இருக்காது. ஓட ஓட அதிர்வில் அந்த போல்ட் தளரும், ஒரு மேட்டில் ஏறி இறங்கும்போது மொத்த வண்டியும் செத்துப்போகும். பத்து நிமிட வேலைக்காக வண்டியை லாரியில் ஏற்றிக்கொண்டு வருவார்கள். இதற்குத் தீர்வு எளிது. பேட்டரியிலிருந்து தடிமனான ஒரே ஒரு வயர், அதில் பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் முதன்மை ஃபியூஸ், பிறகு சாவி போட்டால் மட்டும் மின்சாரத்தை விடும் ஒரு ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்), அதிலிருந்து ஒவ்வொரு பொருளுக்கும் தனி ஃபியூஸ் உள்ள சின்னப் பெட்டி. 40 வாட் விளக்கு 12 வோல்ட்டில் மூன்றரை ஆம்பியருக்குள் எடுக்கும், 5 ஆம்பியர் ஃபியூஸ் போதும். அடிக்கடி போகிறது என்று 20 ஆம்பியர் போடுபவர்களுக்கு: ஃபியூஸ் இருப்பது வயர் உருகித் தீப்பிடிக்காமல் காக்க.

வயரைக் கடித்துப் பிடிக்கும் பிளாஸ்டிக் கிளிப்புகளை பைக்கில் போடாதீர்கள். மழைத் தண்ணீர் இறங்கி உள்ளே பச்சை பூத்துவிடும். எல்லாம் மாட்டியபின் ஹேண்டில்பாரை இரண்டு பக்கமும் முழுவதுமாகத் திருப்பிப் பாருங்கள். வயர் இழுபடுகிறதா, சட்டத்தில் உரசுகிறதா என்று தெரிந்துவிடும். புது வண்டிகளில் விளக்கு வயரிலேயே ஒட்டு போட்டு மின்சாரம் எடுத்தால் வண்டியின் கணினி அதைக் கோளாறு என்று எடுத்துக்கொண்டு அந்த இணைப்பையே துண்டிக்கக்கூடும். அப்படிப்பட்ட வண்டிக்கு அந்த நிறுவனமே தரும் இணைப்பானைத் தேடி வாங்குவது நல்லது.

இனி பராமரிப்பு. ஆயில் மாற்றுவது, வால்வ் இடைவெளி பார்ப்பது, ஃபோர்க் வேலை எல்லாவற்றையும் சர்வீஸ் சென்டரிடம் விடலாம், தவறில்லை. ஆனால் செயினை விட முடியாது. 3,000 கி.மீ. பயணத்தில் அதற்கு நாலைந்து தடவையாவது எண்ணெய் போட வேண்டியிருக்கும், அப்போது பக்கத்தில் இருக்கப்போவது நீங்கள்தான். 500 முதல் 700 கி.மீ.க்கு ஒருமுறை, மழையில் ஓட்டினால் அன்றைக்கே. நாள் ஓட்டம் முடிந்து செயின் சூடாக இருக்கும்போது, கீழ்ப்பக்கச் செயினின் உள்பக்கத்தில் போட்டுவிட்டால் இரவுக்குள் ஊறிவிடும். சுத்தம் செய்ய மண்ணெண்ணெயும் மென்மையான பிரஷ்ஷும் போதும். பெட்ரோலும் கம்பி பிரஷ்ஷும் செயினுக்குள் இருக்கும் ரப்பர் வளையங்களைக் கெடுத்துவிடும். சக்கரத்தைக் கையால் மட்டும் சுற்றுங்கள். எஞ்சினை ஓடவிட்டுச் செயின் துடைத்து விரல் போனவர்கள் இருக்கிறார்கள்.

செயின் எவ்வளவு தொங்க வேண்டும் என்பது ஸ்விங் ஆர்ம் (பின் சக்கரத்தைத் தாங்கி மேலும் கீழும் அசையும் கை) மேலேயே ஸ்டிக்கரில் இருக்கும். சாலை வண்டிகளுக்குப் பொதுவாக 25 முதல் 35 மி.மீ., சஸ்பென்ஷன் நீளமான வண்டிகளுக்கு இன்னும் அதிகம். எந்த ஸ்டாண்டில் நிறுத்தி அளப்பது என்பதையும் அதிலேயே சொல்லியிருப்பார்கள், அதன்படியே அளங்கள். செயின் ஒரே சீராகத் தேயாது, அதனால் சக்கரத்தைச் சுற்றி மிக இறுக்கமான இடத்தைக் கண்டுபிடித்து அங்கே அளக்க வேண்டும். தளர்ந்த செயினுக்கு எல்லோரும் பயப்படுகிறார்கள். சுமை ஏற்றும் வண்டியில் இறுகிய செயின்தான் மோசமானது. வால் அமுங்கும்போது முன் ஸ்ப்ராக்கெட் (செயின் ஓடும் பல்சக்கரம்), ஸ்விங் ஆர்ம் அச்சு, பின் அச்சு மூன்றும் ஒரே கோட்டுக்கு வரும், அந்த நேரத்தில்தான் செயின் மிக அதிகமாக இழுபடும். அந்த இழுப்பு நேராக கியர்பாக்ஸ் வெளி அச்சின் பேரிங்கில் போய் விழும். வீட்டில் காலி வண்டியில் "சும்மா கின்னென்று" இறுக்கிவிட்டு, இரண்டு பேரும் மூட்டை முடிச்சுமாகக் கிளம்பினால் அதுதான் நடக்கும். பின் ஸ்ப்ராக்கெட்டின் பின்புறத்தில் செயினைப் பிடித்து இழுத்தால் பல்லின் பாதி வெளியே தெரிகிறதென்றால் செயினின் ஆயுள் முடிந்தது, ஸ்ப்ராக்கெட்டுகளோடு சேர்த்தே மாற்றுங்கள்.

டயருக்கும் இப்போதே முடிவெடுக்க வேண்டும். டூரிங் டயர் நேர்ச் சாலையில் நடுவில்தான் தேயும், ஓரம் புதிதாகவே இருக்கும். அதனால் பக்கவாட்டில் பார்த்து ஏமாறாதீர்கள், நடுப் பள்ளத்தின் ஆழத்தைப் பாருங்கள். 6,000 கி.மீ. ஓடிய பின் டயரில் 3 மி.மீ.க்குக் குறைவாக இருந்தால் நான் கிளம்பும் முன்பே மாற்றிவிடுவேன். சுமையோடு 3,000 கி.மீ. ஓடினால் அது முடியும் இடம் உங்கள் அளவு டயர் கிடைக்கும் இடமாக இருக்கும் என்று சொல்ல முடியாது. டயர் பக்கச் சுவரில் நாலு இலக்கத் தேதி இருக்கும்: 2323 என்றால் 2023ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். ட்யூப்லெஸ் என்றால் பஞ்சர் கிட்டும் சின்ன பம்பும் எடுத்துக்கொள்ளுங்கள், பஞ்சர் கடையில் தூக்கிப் போட்ட பழைய டயர் ஒன்றில் ஒருமுறை செய்து பழகுங்கள். முதல் தடவை அந்த ரப்பர் குச்சியை உள்ளே தள்ளுவதற்கு நீங்கள் நினைப்பதைவிட அதிக பலம் வேண்டும்.

ஆயில் பற்றி ஒன்றே ஒன்று: பெரும்பாலான பைக்குகளில் கிளட்ச் எஞ்சின் ஆயிலிலேயே ஊறுகிறது. அதனால் டப்பாவில் அப்படிப்பட்ட கிளட்ச்சுக்கு ஏற்ற ஆயில் என்பதைக் காட்டும் ஜாசோ (JASO) எம்ஏ அல்லது எம்ஏ2 என்ற தரக்குறி இருக்க வேண்டும். உராய்வைக் குறைக்கும் கார் ஆயிலை ஊற்றினால் சுமையோடு மேடேறும்போது கிளட்ச் வழுக்கும். பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். டாட் 4 வகைக்குப் புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ், ஈரம் ஏறியபின் 155 வரை இறங்கலாம். மலை இறக்கத்தில் லிவர் திடீரென்று மெத்தென்று போவது இதனால்தான். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். உங்கள் வண்டி புதிது, இப்போது கவலை இல்லை. வால்வ் இடைவெளியும் அப்படித்தான், இன்னும் நாள் இருக்கிறது. ஆனால் பிறகு "சத்தம் ஒன்றும் வரவில்லையே" என்று தள்ளிப் போடாதீர்கள். இடைவெளி குறைந்து வால்வ் இறுகும்போது சத்தம் கூடாது, குறையும்.

இதுவரை சொன்னதில் எனக்குச் சந்தேகம் இல்லை. இனி வருவதில் நாலு மெக்கானிக்கிடம் கேட்டால் நாலு பதில் கிடைக்கும். செயினுக்கு மெழுகு ஸ்ப்ரேயா, கியர் ஆயிலா என்பது பெரிய சண்டை. நேரத்துக்குப் போட்டால் இரண்டும் நன்றாகவே உழைக்கின்றன என்பது நான் பார்த்தது. டயரில் நைட்ரஜன் அடிப்பதால் கொஞ்சம் மெதுவாகக் காற்று இறங்கலாம், ஆனால் சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். அதற்காக அலைய வேண்டாம், வாரம் ஒருமுறை அளந்தால் போதும். கிராஷ் கார்டு நின்ற இடத்தில் வண்டி சரியும்போது டேங்கையும் எஞ்சின் மூடியையும் காப்பாற்றும், அதில் மாற்றுக் கருத்தில்லை. வேகமாக விழும்போது எஞ்சின் மவுண்டையே வளைத்துவிடுமா என்பது கார்டின் வடிவத்தையும் விழும் விதத்தையும் பொறுத்தது, உறுதியாக யாரும் சொல்ல முடியாது. பைக் கனமானது, பின்னால் ஆள் இருக்கிறார், நிறுத்தும்போது சரிவது சகஜம் என்பதால் நான் மாட்டச் சொல்வேன். எஞ்சினில் ஓரிடம், மெயின் ஃபிரேமில் ஓரிடம் என்று சேர்த்துப் பிடிக்கும் வகையைப் பாருங்கள்.

விண்ட்ஸ்கிரீன் ஆளுக்கு ஆள் மாறும். உயரமானது என்றால் காற்று குறையும் என்று நினைக்கிறோம், பல சமயம் கலங்கிய காற்று நேராக ஹெல்மெட்டில் வந்து மோதித் தலையை ஆட்டும். வாங்கும் முன் ஒரு சோதனை: காலியான நேர்ச் சாலையில் வழக்கமான வேகத்தில் போகும்போது ஃபுட்ரெஸ்ட்டில் லேசாக எழும்புங்கள், பிறகு லேசாகக் குனியுங்கள். எழும்பும்போது சத்தம் அடங்கினால் உங்களுக்குக் குட்டையான ஸ்கிரீன் வேண்டும். குனியும்போது அடங்கினால் உயரமானது. எப்படியானாலும் காதடைப்பான் வாங்குங்கள், இருவருக்கும். நெடுஞ்சாலை வேகத்தில் ஹெல்மெட்டுக்குள் கேட்கும் காற்றின் சத்தம் மணிக்கணக்கில் கேட்டால் காதைக் கெடுக்கும் அளவு, சாயங்காலம் வரும் அசதியில் பாதி அதனால்தான். அதை மாட்டி ஓட்ட உங்கள் இடத்துச் சட்டம் அனுமதிக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆகவே வரிசை இதுதான். தேவையென்றால் பின் டயர் முதலில், அப்புறம் செயின் எண்ணெய், காற்றழுத்த மானி, பஞ்சர் கிட், துணிப் பைகள், கிராஷ் கார்டு, ஒழுங்கான ஃபியூஸ் பெட்டியோடு சார்ஜர். ஹீட்டட் கிரிப் குளிர்ப் பகுதிக்குப் போவதானால் மட்டும். கூடுதல் விளக்கு, ஹெட்லைட்டைச் சரிசெய்தும் போதவில்லை என்றால். டாப் பாக்ஸ் வேண்டும் என்றால் அது பின்னால் இருப்பவர் முதுகு சாய்க்க என்று நினைத்து வாங்குங்கள், சாமானுக்கு என்று வேண்டாம். மனைவிக்கு சீட் சரியாக இருக்கிறதா என்பது உங்கள் பட்டியலிலேயே இல்லை, அவரிடம் கேளுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு மேல் அவரால் உட்கார முடியவில்லை என்றால் மற்ற எல்லாவற்றையும் தள்ளிவைத்து சீட்டுக்கு மெத்தை போடுங்கள்.

வண்டியோடு வந்த டூல் கிட் நீங்கள் மாட்டிய எதற்கும் பொருந்தாது. புதிதாக வந்த ஒவ்வொரு போல்ட்டுக்கும் என்ன ஆலன் கீ, எத்தனை எம்.எம். ஸ்பானர் என்று பார்த்து அதை எடுத்து வையுங்கள். பின் அச்சு நட்டுக்கான ஸ்பானர் இருக்கிறதா என்றும் பாருங்கள், அது இல்லாமல் வழியில் செயினை இழுக்க முடியாது. எல்லாம் மாட்டியபின், கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னால், முழுச் சுமையும் ஆளும் ஏற்றி 200, 300 கி.மீ. ஒரு நாள் போய்விட்டு வாருங்கள். திரும்பியதும் கார்டு, பைச் சட்டம், பேட்டரி முனை போல்ட்டுகளை மறுபடி இறுக்கிப் பாருங்கள், செயின் தொங்கலை அளந்து பாருங்கள். பை எங்காவது சைலன்சரில் உரசிக் கருகியிருக்கிறதா என்றும் கவனியுங்கள். ஏதாவது தளர்ந்திருந்தால் அதற்கு போல்ட் தளராமல் பிடிக்கும் பசையான லாக்டைட், நீல நிறம், ஒரு சொட்டு, சிவப்பு வேண்டாம், பிறகு கழற்றுவதற்கு சூடு வைக்க வேண்டியிருக்கும்.